ஐவரில் ஒருவர் தியான்சந்த்
(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

ஆண்டு மலருக்குத் தியான்சந்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், மட்டையில் காந்தம் ஒளித்து வைத்திருந்தாரே அவர்தானே என்று விடுதி நண்பர்கள் இருவர் ஒரே குரலில் கேட்டனர். ஹாலந்து நாட்டில் அவர் மட்டையை உடைத்துப் பார்த்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை என்பது அக்கதை. பள்ளி நாள் முதல் நாம் எல்லோரும் கேட்டதுதான். கேட்கச் சுவையாக இருப்பினும், எனக்கு அதன்மேல் ஒரு மனக்குறை உண்டு. அந்தக் கதையில் தியான்சந்த் மைதானத்தில் தனியாக நிற்கிறார். அவருக்கு வலப்புறம் யார் நின்றார், இடப்புறம் யார் நின்றார் என்று கதை சொல்லுவதில்லை. நம் கல்லூரி அணியில் 'லெப்ட் அவுட்' இடத்தில் ஆடுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றியே அறிய ஆவல். பந்து என்னிடம் வந்து சேருவது என் திறமையால் அன்று, 'லெப்ட் இன்' ஆடுகிறவனின் நினைவால்தான் என்பதை ஒவ்வொரு மாலையும் அனுபவத்தில் காண்கிறேன். எனவே இந்த மாபெரும் ஆட்டக்காரரின் வாழ்க்கையை, அவரோடு முன்வரிசையில் நிற்க யார் யார் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்ற ஒரு கேள்வியின் வழியே சொல்ல முயல்கிறேன்.

ஹாக்கி ஆடாத நண்பர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு விளக்கம் தேவைப்படலாம். இன்று மூன்று முன்னணி ஆட்டக்காரர்களோடோ இருவரோடோ கூட அணிகள் ஆடுகின்றன. அன்று அப்படியன்று. ஒரு கோல்கீப்பர், இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து பார்வர்டு. இதுவே உலகெங்கும் வழக்கம். ஐவரில் நடுவில் நிற்பவர் சென்டர் பார்வர்டு. அவருக்கு இருபுறமும் ரைட் இன், லெப்ட் இன். கோட்டோரம் ரைட் அவுட், லெப்ட் அவுட். இவற்றில் வலமும் இடமும் கண்ணாடியில் தெரியும் உருவம் போல ஒன்றுக்கொன்று சமம் என்று எண்ணிவிடக் கூடாது. ஹாக்கி மட்டையின் ஒரு பக்கம்தான் தட்டை. மறுபக்கம் உருண்டை, அதனால் அடிக்கக் கூடாது. ஆகவே நடுவிலிருந்து வரும் பந்தை வலப்புறத்தில் நிற்பவன் எளிதில் வாங்குவான். இடப்புறத்தில் நிற்கும் என் போன்றவன் உடம்பை முழுதும் திருப்பி வாங்க வேண்டும். லெப்ட் இன்னில் கெட்டிக்காரனாக இருப்பவனை ரைட் இன்னுக்கு மாற்றினால் பல வேளைகளில் அவன் பாதி ஆளாகி விடுவான். இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். அந்நாளில் மாற்று ஆட்டக்காரர் என்பதே கிடையாது. இன்றைய தொழில்முறை லீக் ஆட்டங்களில் பயிற்சியாளர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னணியினரை வெளியே அழைத்து வேறு ஆளை அனுப்புகிறார். ஓர் இணைப்புச் சரியில்லையென்றால் அடுத்ததைச் சோதிக்கிறார். அன்று மைதானத்தில் இறங்கிய பதினொருவரே இறுதி விசில் வரை ஆட வேண்டும். காயம் பட்டால் பத்துப் பேர். தேர்வில் தவறினால் திருத்த வழி இல்லை.

தியான்சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தையார் சோமேஷ்வர் சிங் பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் பணியாற்றியவர். பட்டாளத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊர் நிலைப்பதில்லை அல்லவா? அடிக்கடி மாற்றல் வந்ததால் தியான்சந்தின் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றது. பின்னர் குடும்பம் ஜான்சியில் நிலைகொண்டது. இளமையில் அவருக்கு ஹாக்கியில் தனிப்பட்ட நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை; மல்யுத்தம்தான் பிடித்திருந்தது. பதினேழு வயது நிறைந்த நாளில், 1922இல், தந்தையைப் போலவே சிப்பாயாகச் சேர்ந்தார். சேர்ந்த ரெஜிமெண்டு ஹாக்கியில் பற்றுடையது. அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் மட்டையைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். இயற்பெயர் தியான் சிங். பகலெல்லாம் பணி, எனவே இரவில் நிலா வரக் காத்திருந்து பழகியதால் தோழர்கள் 'சந்த்' என்று சேர்த்தழைத்தனர் என்பர். சந்த் என்றால் சந்திரன்.

நான்கு ஆண்டுகள் பட்டாளத்து ஆட்டங்களோடு கழிந்தன. 1926இல் இந்திய இராணுவ அணி நியூசிலாந்து புறப்பட்டபோது அதில் அவர் பெயரும் இருந்தது. இருபத்தோர் ஆட்டங்களில் பதினெட்டில் வெற்றி, இரண்டு சமன், ஒன்றே ஒன்று தோல்வி. திரும்பியதும் லான்ஸ் நாயக் ஆனார். சிப்பாய் ஒருவர் ஓர் ஆட்டத்தால் ஒரு படி உயர்ந்தார் என்பதை இன்று நாம் சிறிதாக எண்ணலாம். ஆனால் அந்தப் பட்டாளத்தில் படிகள் எவ்வளவு மெதுவாக வந்தன என்பதை வரலாறு படிப்போர் அறிவர்.

ஒலிம்பிக்குக்கு முதன்முதலாக இந்திய அணியைத் தேர்ந்தெடுக்க 1928இல் கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையே போட்டி நடத்தினார்கள். ஐக்கிய மாகாணம், பஞ்சாப், வங்காளம், இராஜபுதனம், மத்திய மாகாணம் ஆகிய ஐந்து அணிகள் வந்தன. ஐக்கிய மாகாணத்திற்கு ஆட, தியான்சந்துக்கு இராணுவம் விடுப்பு அளித்தது. முதல் ஆட்டத்திலேயே ஒரு செய்தி எல்லோர் கண்ணிலும் பட்டது. நடுவில் தியான்சந்த், அவருக்கு வலப்புறம் ரைட் இன்னாக மார்த்தின்ஸ். ஒருவர் பட்டாளத்து இந்துச் சிப்பாய், மற்றவர் ஆங்கிலோ-இந்தியர். இந்த இருவரும் பலகாலம் கூடிப் பழகியவர் போல ஆடினர். ஐக்கிய மாகாணமே கோப்பையை வென்றது. இருவரும் ஒலிம்பிக் அணிக்குள் வந்தனர். நான் படித்த அளவில், தியான்சந்தின் வாழ்வில் வலப்புறத்துத் துணை என்ற விஷயம் முதன்முதலில் தலைகாட்டுவது இங்கேதான். இது பின்னால் பெரிதாகும்.

அந்த அணியை அனுப்பப் பணம் இல்லை என்றால் நம்புவீர்களா? பதின்மூன்று பேருக்கு மட்டுமே சம்மேளனத்திடம் நிதி இருந்தது. வங்காள ஹாக்கிச் சங்கம் கைகொடுத்ததால்தான் நாரிஸ், ஷௌகத் அலி என்ற இருவரையும் சேர்க்க முடிந்தது. புறப்படுமுன் பம்பாய் அணியோடு ஆடி 2-3 என்று தோற்றனர். 1928 மார்ச் 10ஆம் நாள் 'கைசர்-இ-ஹிந்த்' கப்பலில் ஏறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூவர். தோற்றுவிட்டுப் போகிற அணியை யார் வழியனுப்புவார்?

ஆம்ஸ்டர்டாமில் நடந்ததை நாடறியும். ஆஸ்திரியா 6-0, பெல்ஜியம் 9-0, டென்மார்க் 5-0, சுவிட்சர்லாந்து 6-0. மே 26ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் ஹாலந்து நாட்டை அவர்கள் மண்ணிலேயே 3-0. மொத்தம் 29 கோல்கள், அதில் 14 தியான்சந்த் போட்டவை. கோல்கீப்பர் ரிச்சர்டு ஆலன் ஒரு கோல்கூட விடவில்லை. ஆனால் இறுதி ஆட்டத்தின் முன்வரிசையை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. ஃபெரோஸ் கான், ஷௌகத் அலி, கேர் சிங் மூவரும் நோயாலோ காயத்தாலோ ஆட முடியாத நிலை. தலைவர் ஜெய்பால் சிங், பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசி மக்களின் குரலாக ஒலித்தவர், அந்த நாளில் அணியோடு இல்லை. தியான்சந்துக்கே உடல்நிலை சரியில்லை. எஞ்சியோரைக் கொண்டு ஐவர் வரிசையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வங்காளத்துப் பணம் வராமல் பதின்மூவரே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1932 லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மூன்றே நாடுகள்தான் ஆடின. ஜப்பானை 11-1 என்றும் அமெரிக்காவை 24-1 என்றும் இந்தியா வென்றது. போட்டி என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நம் கேள்விக்கு அந்த ஆண்டு முக்கியமானது. தியான்சந்துக்கு இடப்புறம், லெப்ட் இன்னில், அவருடைய தம்பி ரூப்சிங் வந்து சேர்ந்தார். கார், குர்மித் சிங், தியான்சந்த், ரூப்சிங், ஜாஃபர் என்பது அந்த ஐவர் வரிசை. இரண்டு ஆட்டங்களில் விழுந்த 35 கோல்களில் 25 சகோதரர் இருவருடையவை. அமெரிக்காவுக்கு எதிராகத் தம்பி 10, அண்ணன் 8. தம்பி அண்ணனை மிஞ்சியதைக் கண்டு அண்ணன் பெருமைப்பட்டார் என்பதை அவர் பின்னர் எழுதியவற்றிலிருந்து அறிகிறோம். ரூப்சிங் பெயர் நம் மாணவர்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். 2010இல் ஒருநாள் கிரிக்கெட்டில் டெண்டுல்கர் இருநூறு ஓட்டம் எடுத்தது குவாலியரில் கேப்டன் ரூப்சிங் ஸ்டேடியத்தில்தான். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று அன்று தொலைக்காட்சி பார்த்தவர்களில் எத்தனை பேர் கேட்டார்களோ!

அந்த ஒலிம்பிக் பயணம் முழுவதிலும் 37 ஆட்டங்களில் இந்தியா 338 கோல்கள் போட்டது. தியான்சந்தின் பங்கு 133. இத்தனை கோல் போட்டவர் தம் வாழ்வின் சிறந்த ஆட்டம் என்று எதைக் கருதினார் தெரியுமா? ஒலிம்பிக் ஆட்டம் எதையும் அன்று. 1933இல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி ஆட்டம். ஒருபுறம் கல்கத்தா கஸ்டம்ஸ் என்ற வலிய அணி. மறுபுறம் தியான்சந்தின் சொந்த ஊர் அணியான ஜான்சி ஹீரோஸ். கஸ்டம்ஸ் அணி தொடர்ந்து நெருக்கிக்கொண்டே இருந்தது. இரண்டாம் பாதியில் தியான்சந்த் மைதானத்தின் நடுவிலிருந்து நீண்ட பாஸ் ஒன்றைக் கொடுத்தார். இஸ்மாயில் என்ற தோழர் அதை எடுத்துக்கொண்டு பாதி மைதானத்தை ஓடிக் கடந்தார். எதிரணியின் லெப்ட் ஹாஃபுக்கும் கோல்கீப்பருக்கும் இடையே ஒரு நொடிக் குழப்பம். பந்து உள்ளே போயிற்று. அந்த ஒரே கோலில் ஜான்சி வென்றது. கோல் போட்டவர் இஸ்மாயில். ஆயிரம் கோல் போட்ட மனிதர், தாம் கோல் போடாத ஆட்டத்தையே தமக்கு மிகவும் பிடித்ததாகச் சொல்கிறார். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

1935இல் மீண்டும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பயணம். இம்முறை அவரே அணித் தலைவர். 43 ஆட்டங்களில் 201 கோல்கள். அடிலெய்டில் கிரிக்கெட் வீரர் பிராட்மனைச் சந்தித்தது அப்போதுதான். அடுத்து பெர்லின் வந்தது. இங்கே நான் சற்று நின்று எழுத விரும்புகிறேன்.

1936 ஒலிம்பிக் அணிக்கும் தலைவர் தியான்சந்த். முப்பது வயது. இராணுவம் மாகாணப் போட்டிக்கு விடுப்புத் தரவில்லை. ஆயினும் சோதனை எதுவுமின்றியே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அணி கூடியதும் ஜூன் 16ஆம் நாள் டெல்லி அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். டெல்லி 4, ஒலிம்பிக் அணி 1. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று பொறுக்கி எடுத்தவர்கள் உள்ளூர் அணியிடம் தோற்றார்கள். பத்திரிகைகளில் பேச்சு எழாமல் இருக்குமா? அந்தச் சுமையோடு கப்பலேறினார்கள். மார்சேயில் இறங்கி, மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளில் நசுங்கி, ஜூலை 13ஆம் நாள் பெர்லின் சேர்ந்தார்கள். நான்கு நாள் கழித்து, ஜூலை 17ஆம் நாள், ஜெர்மன் அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். ஜெர்மனி 4, இந்தியா 1.

இரு முறை உலகை வென்ற அணி அது. நடுவில் தியான்சந்த், பக்கத்தில் ரூப்சிங். உலகில் எந்த நாட்டிற்கும் அப்படி ஓர் இணை வாய்க்கவில்லை. இருந்தும் ஒரே ஒரு கோல். பயணக் களைப்பு, பழகாத மண், ஜெர்மானியரின் கடும் பயிற்சி என்று பல காரணங்கள் சொல்லலாம். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அணியின் பொறுப்பாளர்கள் அன்று இரவு காரணங்களை அடுக்கிக் கொண்டிருக்கவில்லை. இணைப்பில் ஓட்டை எங்கே என்று பார்த்தார்கள். மிர்சா மசூத் தம் இயல்பான ஆட்டத்தில் இல்லை என்றும், அவருக்குப் பதிலாக இராணுவத்தைச் சேர்ந்த அலி தாராவை உடனே அனுப்ப வேண்டும் என்றும் இந்தியாவுக்குச் செய்தி அனுப்பினார்கள். தாராவின் இடம் ரைட் இன்.

இந்த முடிவை எண்ணிப் பாருங்கள். ஒலிம்பிக் தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. ஆள் இருப்பது ஏழு கடல் தாண்டி. வந்து சேருவாரா என்பதே உறுதியில்லை. மேலும், ஒருவரை வரவழைப்பது என்றால் கூடவே வந்த ஒருவரிடம், உன்னால் போதவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். ஒரே கப்பலில் வந்தவர், ஒரே மேசையில் உண்பவர். நம் கல்லூரி அணியில் பதினாறு பேரில் பதினொருவரை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் நாளில் மற்ற ஐவரின் முகம் எப்படி இருக்கும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். அந்த ஐவரில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். தியான்சந்த் மென்மையானவர், அதிகம் பேசாதவர் என்றே அவரோடு பழகியவர்கள் எழுதியுள்ளனர். அவருக்கு இது எளிதாக இருந்திருக்காது. ஆயினும் தாம் இருந்தால் போதும், எப்படியும் வென்றுவிடலாம் என்று அவரோ அவரைச் சார்ந்தோரோ எண்ணவில்லை. தமக்கு வலப்புறத்தில் சரியான ஆள் இல்லாவிட்டால் தம் திறமையும் பாதிதான் என்பதை ஜெர்மானியர் முன்னால் ஒரு மாலை முழுதும் பட்டறிந்தவர் அவர்.

மசூதைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் மனம் கசந்து ஒதுங்கி விடவில்லை. அந்த 1936ஆம் ஆண்டுப் பயணத்தைப் பற்றி முழு நூல் ஒன்றை எழுதியவர் அவரே. தம் இடத்தை இழந்த பயணத்திற்குத் தாமே வரலாற்றாசிரியர் ஆனார்! வரலாறு படிக்கும் மாணவனாகிய எனக்கு, இந்தக் கதையில் தியான்சந்துக்கு அடுத்தபடி மதிப்புக்குரியவராகத் தோன்றுகிறவர் மசூத்.

ஆட்டங்கள் தொடங்கின. ஹங்கேரி 4-0. அமெரிக்கா 7-0. ஜப்பான் 9-0. தாரா இன்னும் வரவில்லை. பிரான்சோடு அரையிறுதி ஆகஸ்டு 12. அதற்குச் சரியாகத் தாரா பெர்லின் வந்து சேர்ந்தார். கூடிப் பயிற்சி செய்ய நாள் ஏது? நேரே அரையிறுதியில் இறங்கினார். இந்தியா 10, பிரான்ஸ் 0. தியான்சந்த் மட்டும் நான்கு.

இறுதி ஆட்டம் ஆகஸ்டு 14 என்று குறித்திருந்தார்கள். மழை பெய்து மைதானம் குளமானதால் மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. ஆகஸ்டு 15. பதினோர் ஆண்டு கழித்து அந்த நாள் நமக்கு என்னவாகப் போகிறது என்று அன்று யார் கண்டார்? எதிரே நின்றது, நான்கு வாரத்துக்கு முன் நான்கு கோல் போட்ட அதே ஜெர்மனி. உடை மாற்றும் அறையில் எல்லோர் நெஞ்சிலும் அந்த 4-1 உறுத்திக் கொண்டிருந்தது. அப்போது அணியோடு வந்திருந்த பங்கஜ் குப்தா மறைத்து வைத்திருந்த மூவர்ணக் காங்கிரஸ் கொடியை எடுத்து விரித்தார். வெளியே அவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் கொடியின் கீழ் ஆட வேண்டியவர்கள். பலர் அரசாங்க ஊழியர். தலைவர் அரசரின் பட்டாளத்துக்காரர். இருந்தும் எல்லோரும் அந்தக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டு மைதானத்தில் இறங்கினார்கள்.

ஐவர் வரிசை இது: ஷஹாபுதீன், தாரா, தியான்சந்த், ரூப்சிங், ஜாஃபர். ஈர மண்ணில் பந்து ஓடவில்லை. இடைவேளையில் இந்தியா ஒரே ஒரு கோல்தான் முன்னணியில். இரண்டாம் பாதியில் தியான்சந்த் முள் காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார் என்பர். வெறுங்காலா, ரப்பர் காலணியா என்பதில் எழுதுகிறவர்கள் வேறுபடுகிறார்கள். அதன் பிறகு கோல்கள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. ஜெர்மன் கோல்கீப்பரோடு மோதியதில் தியான்சந்துக்குப் பல் ஒன்று போயிற்று. மருத்துவம் செய்துகொண்டு திரும்பி வந்து மேலும் ஆடினார். முடிவு 8-1. அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியா போட்ட கோல் 38. வாங்கியது அந்த ஒன்றுதான்.

எட்டுக் கோலையும் யார் யார் போட்டனர் என்று பார்ப்போம். பழைய நூல்கள் சிலவற்றில் தியான்சந்த் ஆறு போட்டதாக உள்ளது. ஆட்டக் குறிப்புகளை ஒப்பிட்டவர்கள் தரும் கணக்கு வேறு: தியான்சந்த் மூன்று, தாரா இரண்டு, ரூப்சிங் ஒன்று, ஜாஃபர் ஒன்று, பேக் ஆடிய டாப்செல் ஒன்று. ஆறு என்பதை மூன்றாக்கினால் பெருமை குறையுமே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐவர் வரிசையில் நால்வர் கோல் போட்டிருக்கிறார்கள். இருபத்தொன்பது நாளுக்கு முன் மைதானத்திலேயே இல்லாதவர் இரண்டு போட்டிருக்கிறார். ஒரே எதிரணி, 4-1 என்பது 8-1 ஆகத் திரும்பியது. இந்தக் கணக்கில் தெரியும் தியான்சந்த், ஆறும் தாமே போட்ட தியான்சந்தைவிடப் பெரியவராகவே எனக்குப் படுகிறார்.

ஆட்டம் முடிந்த பின் ஹிட்லர் அவரை அழைத்து ஜெர்மன் இராணுவத்தில் உயர் பதவி தருவதாகச் சொன்னார், அவர் மறுத்தார் என்ற கதையை இந்தக் கட்டுரையில் எதிர்பார்ப்போர் இருக்கலாம். ஹிட்லர் அந்த ஆட்டத்திற்கு வந்தாரா என்பதே ஐயத்திற்குரியது. எழுத்துச் சான்று இல்லாததை வரலாற்றுத் துறை மாணவன் எழுதினால் எங்கள் பேராசிரியர் முகத்தில் விழிக்க முடியாது.

பிறகு உலகப் போர் வந்தது. 1940லும் 1944லும் ஒலிம்பிக் இல்லை. ஓர் ஆட்டக்காரனின் சிறந்த ஆண்டுகள் போரில் கரைந்தன. 1947-48இல், நாற்பத்திரண்டு வயதில், கிழக்கு ஆப்பிரிக்கா சென்று 22 ஆட்டங்களில் 61 கோல்கள் போட்டார். பின்னர் பெரிய ஆட்டங்களிலிருந்து விலகினார். 1952இல் அவருடைய தன்வரலாறு 'கோல்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதை வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' இதழார் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. தம்மைப் பற்றி எழுதவும் தகுதி வேண்டுமே என்று கூசுகிற ஒருவரின் நடை அதில் இருக்கிறது. 1956இல் இராணுவத்திலிருந்து மேஜராக ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது கிடைத்தது. பாட்டியாலா விளையாட்டுக் கழகத்தில் சில காலம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய மைந்தர் அசோக்குமார் 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டார். இந்தியா உலகக் கோப்பையை வென்றது அந்த ஒரு முறைதான்.

புல் தரையும் 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கோடு போயிற்று; செயற்கைத் தரை வந்தது. ஐவர் முன்வரிசையும் பழங்கதை ஆயிற்று. தியான்சந்தின் பிறந்த நாள் இன்று தேசிய விளையாட்டு நாள். டெல்லி தேசிய ஸ்டேடியத்திற்கு 2002இல் அவர் பெயர் வந்தது. கேல் ரத்னா விருதுக்கு 2021இல். வாழ்ந்த காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஜான்சியில் அவர் பெரிய வசதி எதுவுமின்றியே இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெர்லின் ஐவரில் முதலில் மறைந்தவர் ஜாஃபர். தங்கப் பதக்கம் வாங்கிய ஏழே மாதத்தில், 1937 மார்ச்சில், வேட்டைக்குச் சென்றபோது ராவி ஆற்றில் படகு கவிழ்ந்து மூழ்கிப் போனார். தாரா பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குரியவரானார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கியவர் அவரே. பெர்லினில் தியான்சந்துக்கு வலப்புறம் நிற்பதற்கென்றே வரவழைக்கப்பட்டவர், அடுத்த ஒலிம்பிக்கில் வேறொரு நாட்டுக் கொடியின் கீழ் நின்றார். ரூப்சிங் 1977இல் காலமானார். தியான்சந்த் 1979 டிசம்பர் 3ஆம் நாள் டெல்லி அகில இந்திய மருத்துவக் கழக மருத்துவமனையில் ஈரல் புற்றுநோயால் மறைந்தார். உடலை ஜான்சிக்குக் கொண்டு வந்தார்கள். அவர் பழகிய ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே, இராணுவ மரியாதையோடு தகனம் நடந்தது.